தென்காசிச் சீமைப் பழங்கதைகள்

(பங்கின் யூபிலி விழா மாலையில் மறைக்கல்வி ஆசிரியர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்ற சொல் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து பிறந்தது என்பார்கள். ஐம்பதாம் ஆண்டு வந்ததும் இஸ்ராயேல் மக்கள் அந்தக் கொம்பை ஊத வேண்டும். அடிமைகளை விடுவிக்க வேண்டும். கைமாறிப் போன நிலத்தை அதன் பழைய குடும்பத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். இதுவே லேவியர் ஆகமம் வகுத்த முறை. ஆகவே யூபிலி என்பது தோரணமும் வாணவேடிக்கையும் மட்டும் அல்ல. உரியவரிடம் உரியதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் அது.

நம்மிடம் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது? நிலபுலன் எல்லோரிடமும் இல்லை. ஆனால் கதைகள் எல்லோரிடமும் உண்டு. நம் பாட்டன் பாட்டிமார் நமக்குக் கொடுத்தவை அவை. நம் பிள்ளைகளுக்கு உரியவை. அவற்றை இடையில் நாம் வாங்கி வைத்துக்கொண்டு, கொடுக்க மறந்து நிற்கிறோம். இந்த மாலையில் அவற்றுள் சிலவற்றைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறோம்.

சும்மா கதையா?

மறைக்கல்வி வகுப்பில் கதை சொல்லி முடித்தவுடன் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "இது நெசமா நடந்ததா, இல்ல சும்மா கதையா?" என்பதே அது. நல்ல கேள்வி. கேட்கிற பிள்ளையை அதட்டி உட்கார வைக்கக் கூடாது. விடை சொல்ல வேண்டும்.

கதைகளில் வகை உண்டு. வரலாறு ஒரு வகை. அதற்குச் சாட்சி வேண்டும். கல்வெட்டோ, செப்பேடோ, பதிவேடோ, கண்டவர் எழுதிய கடிதமோ இருக்க வேண்டும். ஐதீகம் இன்னொரு வகை. அதற்குச் சாட்சி இல்லை. ஆனால் மக்கள் எதை நேசித்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதற்கு ஏங்கினார்கள் என்பதை அது காட்டிவிடும். மூன்றாவது நீதிக்கதை. அதிலே நரி பேசும், காகம் பேசும். நரி உண்மையில் பேசியதா என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. அதில் வரும் நீதிதான் உண்மை.

நம் ஆண்டவர் இயேசுவும் இந்த வழியில் போதித்தவர்தானே? எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போன வழியில் அடிபட்டுக் கிடந்தவனையும், அவனைத் தூக்கிச் சென்ற சமாரியனையும் பற்றிக் கேட்டவர்கள் அந்தச் சத்திரம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரிக்கப் போகவில்லை. தன் அயலான் யார் என்று தன்னையே விசாரித்துக்கொண்டார்கள்.

எனவே சும்மா கதை என்று ஒன்று இல்லை. வரலாற்றை வரலாறாகவும், ஐதீகத்தை ஐதீகமாகவும், நீதிக்கதையை நீதிக்கதையாகவும் சொன்னால் ஒவ்வொன்றும் தன் பயனைத் தரும். ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொன்னால் இரண்டும் கெட்டுப் போகும். இதை மனத்தில் இருத்திக்கொண்டு நம் ஊர்க் கதைகளுக்குள் நுழைவோம்.

எறும்புச் சாரையும் கல்வெட்டும்

தென்காசி என்றதும் எல்லோர் கண்ணிலும் படுவது கோபுரம். அதைப் பற்றிய ஐதீகத்தை முதலில் சொல்வோம். பாண்டிய மன்னன் ஒருவன் காசி விசுவநாதரிடம் பேரன்பு கொண்டவன். காசி வெகு தொலைவு; தன் குடிமக்களால் போய்வர முடியவில்லையே என்று ஏங்கினான். ஒரு நாள் கனவில் இறைவன் தோன்றி, "நாளைக் காலையில் எறும்புகள் சாரை சாரையாகப் போகும். அவற்றின் பின்னால் போ. அவை முடிகிற இடத்தில் கோவில் கட்டு" என்றாராம். மன்னன் அப்படியே போனான். சிற்றாற்றங்கரைச் செண்பகக் காட்டிலே எறும்புச் சாரை முடிந்தது. அங்கே கோவில் எழும்பியது என்று சொல்வார்கள்.

எவ்வளவு அழகான கற்பனை பாருங்கள்! பட்டத்து யானை வழிகாட்டியதாகச் சொல்லியிருக்கலாம். நம் மக்கள் அப்படிச் சொல்லவில்லை. மன்னனையே எறும்பின் பின்னால் நடக்க வைத்துவிட்டார்கள். நீதிமொழிகள் ஆகமமும் சோம்பேறியை எறும்பிடம் அனுப்பிப் பாடம் படிக்கச் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். அந்த மன்னன் பெயர் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். 15ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். மதுரையை இழந்த பாண்டியர் குலம் தெற்கே ஒதுங்கி, தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டு வாழ்ந்த காலம் அது. 1446 வாக்கில் கோவில் பணி தொடங்கியது. பின்னர் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கும் அவன் அடியிட்டான். ஆனால் கோபுரம் முடியுமுன் 1463இல் அவன் வாழ்வு முடிந்தது. அவன் தம்பி குலசேகர பாண்டியன் பணியைத் தொடர்ந்து முடித்தான்.

அந்தக் கோவிலில் மன்னன் பெயரால் தமிழ்ப் பாடல்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றின் கருத்து நம்மை உலுக்குகிறது. இந்தக் கோவிலுக்கு என்றேனும் ஒரு குறை வந்தால், அப்போது முன்வந்து அதைச் சீர்செய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும், அவர்களை உலகறிய இப்போதே பணிகிறேன் என்கிறான் பராக்கிரம பாண்டியன்.

மன்னர்கள் கல்வெட்டில் எழுதுவது என்ன? தான் வென்ற நாடுகள், தனக்குப் பணிந்த அரசர்கள், தான் கொடுத்த தானங்கள். இந்த மன்னனோ தான் பணிந்ததை எழுதி வைத்தான். அதுவும் தனக்குப் பெரிய அரசன் ஒருவனுக்கு அல்ல. இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒருவனுக்கு! அவன் யாராக இருந்தாலும் சரி என்கிறான். குலம் கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. பழுது பார்க்கும் கை எதுவோ அந்தக் கைக்கு வணக்கம் என்கிறான்.

அவன் அஞ்சியபடியே பிற்காலத்தில் குறை வந்தது. கோபுரம் சிதைந்து பிளந்து, மொட்டைக் கோபுரமாக நூறாண்டுக்கு மேல் நின்றது. மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்று அந்தப் பிளவுக்குள் புகுந்து போன காலத்தைப் பார்த்த பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பிறகு மக்கள் திரண்டார்கள். சிவந்தி ஆதித்தன் அவர்களின் பெருமுயற்சியால் சுமார் 180 அடி உயரத்தில் கோபுரம் மீண்டும் எழுந்தது. 1990இல் குடமுழுக்கு நடந்தது. ஐந்து நூற்றாண்டுக்கு முன் சொன்ன வணக்கம் உரியவர்களிடம் வந்து சேர்ந்தது.

பிற சமயத்தார் கோவில் கதையை நம் கோவில் விழாவில் சொல்லலாமா என்று சிலர் நினைக்கலாம். சொல்லலாம். அண்டை வீட்டுக்காரரின் நல்ல குணத்தை மெச்சுவதால் நம் வீட்டு விளக்கு அணைந்து போவதில்லை.

குற்றாலத்துக் கதைகள்

தென்காசியிலிருந்து சிறிது தூரம் மேற்கே போனால் குற்றாலம். அங்கேயும் இப்படித்தான், ஐதீகமும் வரலாறும் அடுத்தடுத்து நிற்கின்றன.

கயிலாயத்தில் சிவபெருமான் திருமணம் நடந்ததாம். உலகத்தார் எல்லோரும் வடக்கே கூடிவிட்டதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததாம். சமன் செய்ய ஒரே ஒரு முனிவரைத் தெற்கே அனுப்பினார்கள். குறுமுனி என்று பெயர் பெற்ற அகத்தியர் அவர். அவர் வந்து பொதிகை மலையில் நின்றதும் நிலம் சமமாயிற்று என்பது கதை. கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லோரும் கலியாணம் பார்த்தார்கள். அகத்தியர் மட்டும் பார்க்கவில்லை. கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போவது எளிது. தேவை இருக்கும் இடத்தில் போய் நிற்பதே அரிது. திருவிழா நாளில் சப்பரத்தின் பின்னால் போகாமல், பின்கட்டில் சோறாக்கிக்கொண்டிருக்கும் நம் தாய்மாரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இது ஐதீகம். வரலாறு என்ன சொல்கிறது? குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் திரிகூடராசப்பக் கவிராயர் என்ற புலவர் வாழ்ந்தார். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இயற்றிய நூல் குற்றாலக் குறவஞ்சி. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அதைப் பாராட்டி அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். அந்த நூலில் மலைவளம் சொல்ல வருபவள் அரசி அல்ல, ஒரு குறத்தி. கூடை சுமந்து குறி சொல்லி வயிறு வளர்க்கும் பெண் வாயாலே, தன் மலையின் பெருமையைச் சொல்ல வைத்தார் புலவர். பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. அவர்கள் (1882–1954) இதுபோன்ற பாடல்களை நண்பர்களுக்குப் பாடிக்காட்டி, விளக்கி, ஒரு தலைமுறைக்கே சுவை ஊட்டினார். எழுதியவர் ஒருவர், காப்பாற்றியவர் இன்னொருவர். இரண்டு பேருமே வேண்டும்.

ஒரு தேன் துளியின் பயணம்

குற்றால மலையின் உச்சியில் தேனருவி இருக்கிறது. சுற்றியுள்ள பாறைகளில் தேன்கூடுகள் தொங்குவதால் அந்தப் பெயர். மலைத்தேன் என்றதும் எங்களுக்கு ஒரு பழைய நீதிக்கதை நினைவுக்கு வரும்.

காட்டிலே ஒருவன் கொடிய விலங்குக்கு அஞ்சி ஓடினான். ஓடியவன் பாழுங்கிணற்றுக்குள் விழுந்து, ஒரு கொடியைப் பற்றிக்கொண்டு தொங்கினான். கீழே பார்த்தால் பெரும் பாம்பு வாய் திறந்து கிடக்கிறது. மேலே பார்த்தால் அவன் பற்றிய கொடியை வெள்ளெலி ஒன்றும் கருப்பெலி ஒன்றும் மாறி மாறிக் கடிக்கின்றன. வெள்ளெலி பகல், கருப்பெலி இரவு. அந்த நேரத்தில் மேலேயுள்ள தேன்கூட்டிலிருந்து ஒரு துளி ஒழுகி அவன் வாயில் விழுந்தது. பாம்பையும் மறந்தான், எலியையும் மறந்தான், அடுத்த துளிக்கு நாக்கை நீட்டினான்.

இந்தக் கதை மகாபாரதத்தில் இருக்கிறது. போர் முடிந்து பிள்ளைகளை இழந்த திருதராட்டிரனுக்கு விதுரன் சொல்வதாக வருகிறது. ஆச்சரியம் என்னவென்றால், இதே கதை நம் திருச்சபையின் பழைய நூல் ஒன்றிலும் இருக்கிறது! பர்லாம், யோசபாத் என்னும் இரு தவசிகளின் வரலாறாக ஐரோப்பா முழுவதும் இடைக்காலத்தில் படித்த நூல் அது. இந்திய நாட்டு இளவரசன் யோசபாத்தை, துன்பம் எதுவும் கண்ணில் படாமல் தந்தை அரண்மனைக்குள் வளர்க்கிறார். நோயாளியையும் கிழவனையும் கண்டு அவன் மனம் மாறுகிறது. பர்லாம் என்னும் தவசி அவனுக்கு மறை போதிக்கிறார். அப்போது சொல்லும் உவமைகளில் ஒன்றுதான் இந்தத் தேன் துளிக் கதை.

இளவரசன், அரண்மனை, நோயாளி, கிழவன் என்றதும் உங்களுக்குப் பொறி தட்டியிருக்கும். ஆம், அது புத்தர் வரலாறு! நம் நாட்டிலிருந்து பாரசீகம் போய், அரபு மொழிக்கு மாறி, ஜார்ஜிய மொழி வழியாகக் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போனது. போதிசத்துவர் என்ற பெயர் அரபியில் பூதாசப் ஆயிற்று. ஒரு புள்ளி மாறியதில் யூதாசப் ஆயிற்று. கடைசியில் யோசபாத் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ரோமைப் புனிதர் நாட்குறிப்பிலேயே நவம்பர் 27 அன்று அவர்கள் பெயர் இடம் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில்தான் அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்து உண்மையை விளக்கினார்கள்.

இதனால் திருச்சபைக்கு இழுக்கு வந்துவிட்டதா? இல்லை. வரலாறு என்று எண்ணியது கதையென்று தெரிந்தது; அவ்வளவுதான். அந்தத் தேன் துளியின் நீதி அன்றும் உண்மை, இன்றும் உண்மை. நாம் பற்றியிருக்கும் கொடியை இரவும் பகலும் கடித்துக்கொண்டுதானே இருக்கின்றன?

நெல்லைச் சீமைக்கு வந்த வீரமாமுனிவர்

கதைகள் இங்கிருந்து மேற்கே போனதைப் பார்த்தோம். மேற்கிலிருந்து இங்கே வந்து நமக்குக் கதை தந்த ஒருவரை இனிப் பார்ப்போம்.

இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று பிறந்தவர் கொன்ஸ்டான்சோ பெஸ்கி. சேசு சபைக் குருவாகி, 1710இல் இந்தியா வந்து சேர்ந்தார். காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், வீரமாமுனிவர் என்று பெயர் பெற்றார். அவர் முதலில் பணியாற்றிய இடங்கள் நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்த காமநாயக்கன்பட்டி, கயத்தாறு முதலியவை. சங்கரன்கோவில் பக்கத்துக் குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பட்டார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 1714–15 ஆண்டுகளில் எழுந்த கலாபனையில் மரண தண்டனை வரை போய் அவர் உயிர் தப்பினார். அன்று அந்தத் தண்டனை நிறைவேறியிருந்தால் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி இல்லை, சதுரகராதி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காலத்து ஓலையில் குறில் எகரத்துக்குப் புள்ளி வைத்து நெடிலிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். ஓலை கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். அதனால் 'தென்' எது, 'தேன்' எது என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்து எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். தென்காசியையும் தேனருவியையும் இன்று நாம் குழப்பமின்றி எழுதுகிறோம் என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

வீரமாமுனிவரைப் பற்றியும் ஐதீகங்கள் வளர்ந்தன. அவர் சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் பரிவாரத்தோடு பவனி வந்தார் என்று பழைய வாழ்க்கை வரலாறு சொல்லும். பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். திரிகூடராசப்பக் கவிராயரும் அவரும் ஒரே நாயக்க மன்னர் காலத்தவர்கள். அதற்காக இருவரும் குற்றாலத்து அருவிக்கரையில் சந்தித்தார்கள் என்று நாம் ஒரு கதை கட்டத் தேவையில்லை. இருப்பதே பெருமைக்குப் போதும்.

ஐந்துதான் இருக்கிறது!

வீரமாமுனிவர் நமக்குத் தந்த சிரிப்புக் கதை பரமார்த்த குருவின் கதை. குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள்!

ஆறு ஒன்றைக் கடக்க வேண்டும். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கச் சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்தான். சுரீர் என்றது, புகைந்தது. ஐயோ, விழித்திருக்கிறது என்று அலறி ஓடிவந்தான். நெடுநேரம் காத்திருந்து, அணைந்துபோன அதே கட்டையை மீண்டும் வைத்தான். சத்தமில்லை. தூங்கிவிட்டது என்று மெல்ல மெல்லக் கடந்தார்கள். கரையேறியதும் ஒருவன் எண்ணினான். ஐந்துதான் இருக்கிறது! இன்னொருவன் எண்ணினான். ஐந்துதான்! குருவே எண்ணினார். ஐந்துதான்! ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று ஆறு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்தான். காணாமல் போனவரை மந்திரத்தால் வரவழைக்கிறேன் என்று சொல்லி, வரிசையாக நிறுத்தி, முதுகில் ஒவ்வோர் அடி வைத்தான். அடி வாங்கியவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எண்ணி முடித்தபோது ஆறு பேர் இருந்தார்கள்!

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தச் சீடர்கள் செய்த பிழை என்ன? எண்ணத் தெரியாததா? இல்லை. ஒவ்வொருவனும் மற்ற எல்லோரையும் சரியாக எண்ணினான். தன்னை மட்டும் விட்டுவிட்டான். கோவில் கூரை ஒழுகுகிறது, யாராவது பார்க்க வேண்டும் என்கிறோம். பிள்ளைகள் மறைக்கல்விக்கு வருவதில்லை, யாராவது கவனிக்க வேண்டும் என்கிறோம். அந்த 'யாராவது' என்ற கணக்கில் நம்மைச் சேர்க்கிறோமா? முதுகில் அடி விழுந்த பிறகுதான் சேர்க்க வேண்டுமா?

ஒரு பழங்கதை செய்த வேலை

கதை கேட்பதால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பணியில் இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாய் பின்னர் அதே மன்னரின் படையில் சேர்ந்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். பிள்ளை வீட்டில் கால்நடைகள் சாகின்றன, பொருள் நட்டமாகிறது, மனம் உடைந்து நிற்கிறார். அப்போது டிலனாய் அவருக்கு ஒரு பழங்கதை சொன்னார். உள்ளதெல்லாம் இழந்தும் இறைவனை விடாத யோபுவின் கதை அது. கேட்டவர் நெஞ்சில் அது வேர் பிடித்தது. 1745ஆம் ஆண்டு மே 14 அன்று வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறைப்பட்டார். 1752ஆம் ஆண்டு சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அவர் தாகத்தால் வாடியபோது முழங்கையால் பாறையில் இடித்தார், நீர் ஊறியது என்று புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறையைக் காட்டுகிறார்கள். பக்தர்கள் அந்த நீரைப் பருகுகிறார்கள். அது மக்கள் வழிவழியாகப் போற்றும் மரபு. அவர் உயிர் கொடுத்தது வரலாறு. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்னது இன்னது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

இதே வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொரு வரலாறும் உண்டு. சொல்லக் கூசினாலும் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே 1872இல் எழுந்த கோவிலில் சாதி பார்த்து மக்கள் தனித்தனியே இருக்கும்படி இரண்டு பக்கங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரே பீடம், ஒரே திருவிருந்து, நடுவிலே தடுப்பு! 1910இல் குருக்கள் அதை இடித்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. சாதி வேற்றுமை பாராமல் எல்லோரோடும் பழகியவர் தேவசகாயம். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே இப்படி நடந்தது.

இதை ஏன் நினைவூட்டுகிறோம்? பெருமையை மட்டும் சொல்வது வரலாறு ஆகாது, அது விளம்பரம். "நாங்கள்தான் முதலில் வந்தவர்கள், எங்கள் தெருவார்தான் கோவில் கட்டியவர்கள்" என்று ஆளுக்கொரு கதையை வளர்த்துக்கொண்டு, அதை வைத்தே இன்னொருவரை ஒதுக்கும் வழக்கம் எந்த ஊருக்கும் புதிதல்ல. ஐதீகத்தை வரலாறாக்கினால் அது சுவராகிவிடும். தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதற்காகத்தான்.

நம் பங்கின் கதை

அன்பார்ந்த பங்கு மக்களே, மன்னர் கதை கல்லில் இருக்கிறது. புலவர் கதை ஏட்டில் இருக்கிறது. புனிதர் கதையைத் திருச்சபை காக்கிறது. நம் பங்கின் கதை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் எழுபதும் எண்பதும் கடந்த நம் பெரியவர்கள் நெஞ்சில் இருக்கிறது. அவர்களில் ஒருவரை அடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு புத்தகத்தையும் சேர்த்துப் புதைக்கிறோம்.

இந்த நிலத்தைக் கொடுத்தவர் யார்? முதல் திருப்பலி எந்தக் கூரையின் கீழ் நடந்தது? பிடி அரிசி எடுத்து வைத்த தாய்மார் யார்? கல் சுமந்தவர்கள், சாந்து குழைத்தவர்கள், கூலி வாங்காமல் சுவர் எழுப்பிய கொத்தனார் யாரேனும் உண்டா? சம்பளம் வராத மாதத்திலும் செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் யார்? மணி எந்த ஊரில் வார்த்தது? வெள்ளம் வந்த ஆண்டிலும் கொள்ளைநோய் வந்த ஆண்டிலும் யார் வீட்டுக் கதவு பிறருக்குத் திறந்தது? அந்தக் கதவைத் தட்டியவர்களில் வேறு சமயத்தார் எத்தனை பேர்?

எங்கள் கோரிக்கை மூன்று. முதலாவது, இந்த யூபிலி ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவர் ஒருவர் ஒரு நிகழ்ச்சியையாவது சொல்ல வேண்டும். இளையவர் ஒருவர் அதை நோட்டில் எழுத வேண்டும். சொன்னவர் பெயர், எழுதியவர் பெயர், தேதி மூன்றும் இருக்கட்டும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வது நல்லதுதான். ஆனாலும் தாளில் எழுதுங்கள். இரண்டாவது, ஒவ்வொன்றின் அருகிலும் 'கண்டது', 'கேட்டது', 'சொல்லப்படுவது' என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். பிறகு பங்குப் பதிவேடுகளோடும் கல்லறைக் கல்லோடும் ஒத்துப் பாருங்கள். ஒத்து வராவிட்டால் சண்டை வேண்டாம். இரண்டையும் எழுதி வையுங்கள். மூன்றாவது, எழுதியதைப் பெட்டியில் பூட்டாதீர்கள். மறைக்கல்வி ஆண்டு விழாவில் பிள்ளைகள் அவற்றைத் தங்கள் வாயால் சொல்லட்டும். சொல்லப்படும் கதைதான் வாழும்.

யூபிலி நாளில் நாம் பழைய பங்குத்தந்தையரையும் முன்னோரையும் நன்றியோடு நினைக்கிறோம். அது நம் கடமை. பராக்கிரம பாண்டியன் நமக்கு மற்றொரு கடமையையும் காட்டுகிறான். பின்னால் வருகிறவர்களையும் நினைக்க வேண்டும். நாம் முடிக்காமல் விட்டுப் போவது நிறைய இருக்கும். கூரையில் ஓடு பெயரும். சுவரில் சாரல் இறங்கும். நாம் எழுதிய நோட்டிலும் பிழை இருக்கும். என்றோ ஒரு நாள், இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை வந்து ஓட்டை மாற்றும், சுவரைப் பூசும், பிழையைத் திருத்தும். அது எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், அந்தப் பிள்ளைக்கு இந்தப் பங்கின் சார்பில் இன்றே நம் வணக்கத்தைச் சொல்லி வைப்போம்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.